பரணிலிருந்து மரை கேமரா இறங்கியிருக்கிறதா? ரோல் வாங்குமுன் இதைப் படி!

பரண் ஒழிக்கும்போது கிடைத்த பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அன்று சாயங்காலமே தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு ஓடுகிற தம்பி தங்கச்சிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐந்து நிமிஷம் உட்கார். ஃபிலிம் ரோல் இப்போது விற்கிற விலைக்கு, 36 படத்தை விளையாட்டாகப் பாழாக்க யார் வீட்டிலும் காசு கொட்டிக் கிடக்கவில்லை.

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பெட்டிகளிலிருந்து வெளியே வருவதில் என் கண்ணில் அதிகம் படுவது மூன்று வகை. சோவியத் நாட்டோடு ரூபாயிலேயே வியாபாரம் நடந்த காலத்து ஸெனித், கிழக்கு ஜெர்மனியின் பிராக்டிகா, சிங்கப்பூர் மாமாவோ துபாய் சித்தப்பாவோ கொண்டுவந்த ஜப்பான் பென்டாக்ஸ். மூன்றிலும் லென்ஸை மரையில் திருகித்தான் மாட்ட வேண்டும். மரையின் விட்டம் 42 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் இறங்கும். விவரம் தெரிந்தவர்கள் ‘எம்42’ என்பார்கள். 1949-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் கான்டாக்ஸ் எஸ், பிராக்டிகா கேமராக்களோடு வந்த மரை இது. ஜப்பானில் பென்டாக்ஸ் 1957-இல் இதைப் பிடித்து, 1975-இல் கே மவுண்டுக்கு மாறும்வரை விடவில்லை. அதனால்தான் ரஷ்ய லென்ஸ் ஜெர்மன் உடம்பில் ஏறும், ஜப்பான் லென்ஸ் ரஷ்ய உடம்பில் ஏறும். இந்தக் கேமராவின் பெரிய சொத்து அதுதான். வேகம் இதனிடம் கிடையாது, பலத்தைக் காட்டினாலும் தாங்காது. கீழே சொல்வது எல்லாமே இந்த இரண்டையும் சுற்றித்தான்.

1. பின்கதவைத் திறக்காதே.
கையில் எடுத்ததும் எல்லோரும் செய்கிற முதல் தப்பு இது. உள்ளே தாத்தா பாதியில் விட்ட ரோல் இருக்கலாம். இடது பக்கத்து ரீவைண்ட் குமிழை, அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருகிப் பார். வழுக்கிக்கொண்டு சுற்றினால் காலி. இழுத்துப் பிடித்தால் ஃபிலிம் இருக்கிறது. ரீவைண்ட் பட்டனை அழுத்தி முழுதாகச் சுற்றி எடுத்த பிறகே கதவைத் திற. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல் கிடைத்தாலும் கிடைக்கும். பழசு என்று தூக்கிப் போடாதே. கறுப்பு வெள்ளை கழுவத் தெரிந்தவரிடம் கொடு. மங்கலாகவாவது யாராவது ஒரு பாட்டி தெரிவார்.

2. லென்ஸைப் பலவந்தமாகத் திருகாதே.
மரை கோணலாக ஏறினால் உடம்பும் போச்சு, லென்ஸும் போச்சு. ஊறுகாய் பாட்டில் மூடியை எப்படிப் போடுவாய்? அதே வித்தைதான். முதலில் எதிர்ப்பக்கமாக லேசாகத் திருகு. ‘டக்’கென்று உட்காருகிற இடம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலது பக்கம் திருப்பு. இரண்டு விரல் பலம் போதும். கடைசியில் ஒரு முறுக்கு முறுக்கி இறுக்கும் ஆசையை அடக்கு, பிறகு கழற்ற வராது. ஏற்கெனவே இறுகிக் கிடந்தால் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு திருகு. குறடு பக்கமே போகாதே.

லென்ஸ் மாற்ற நாலு சுற்றாவது ஆகும். கூட்டத்தில் நின்றுகொண்டு மாற்றுகிற வேலை வேண்டாம். வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒரு லென்ஸைத் தீர்மானம் செய்துகொள்.

பழைய ஸெனித் சிலவற்றில் மரை 39 மில்லிமீட்டர். ஏறவில்லை என்றால் உன் கையில் குறையில்லை, அளவுதான் வேறு. விட்டுவிடு.

3. ‘ஏ’வா, ‘எம்’மா? இதைப் பார்க்காமல் கிளம்பாதே.
பென்டாக்ஸின் டக்குமார் லென்ஸ்களில் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருக்கும். ‘ஏ’யில் வைத்தால் லென்ஸ் முழுக்கத் திறந்தே இருக்கும். படம் எடுக்கிற நொடியில் கேமரா உள்ளிருந்து ஓர் ஊசியைத் தள்ளும், அப்போதுதான் லென்ஸ் நீ சொன்ன அளவுக்கு மூடும். ஸெனித்-இ கேமராவில் அந்த ஊசியைத் தள்ளுகிற ஏற்பாடே கிடையாது. டக்குமாரை அதில் மாட்டினால் விசையை ‘எம்’முக்குத் தள்ளியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நீ எஃப் 16 வைத்தாலும் லென்ஸ் வாயைப் பிளந்துகொண்டே நிற்கும், ரோல் முழுக்க வெளிறிப்போகும்.

ஸெனித்-இ கூட வருகிற ஹீலியோஸ் 44-2 லென்ஸில் இரண்டு வளையம். ஒன்றில் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இன்னொன்றால் திறந்து மூட வேண்டும். திற, ஃபோகஸ் செய், மூடு, எடு. நான்கையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எடு, வெட்கப்படாதே. மூன்றாவதை மறக்காத ஆளே கிடையாது.

4. மீட்டர் செத்துப்போயிருந்தால் அழாதே.
1965-இல் மாஸ்கோவுக்குப் பக்கத்து கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் தொடங்கிய ஸெனித்-இ, 30 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதன் நெற்றியில் தேன்கூடு போட்ட கண்ணாடிப் பட்டை இருக்கிறதே, அதுதான் செலினியம் மீட்டர். வெளிச்சத்திலேயே ஓடும், பேட்டரி வேண்டாம். இத்தனை வருஷத்தில் பல கேமராக்களில் அது அடங்கிவிட்டது, அல்லது பொய் சொல்கிறது. சரிபார்க்கக் காசு செலவழிக்காதே. ஃபோனில் லைட் மீட்டர் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. மீட்டர் இல்லாவிட்டாலும் இந்தக் கேமரா முழுக்க வேலை செய்யும். ஷட்டரும் லென்ஸும் கரண்டைக் கேட்பதே இல்லை.

பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் 1964-இல் வந்தது. அதற்கு மீட்டருக்கு மட்டும் பொத்தான் பேட்டரி வேண்டும். அந்தக் காலத்துப் பாதரச பேட்டரி இப்போது கிடையாது. கவலைப்படாதே, அதன் மின்சுற்று வோல்ட் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் சமாளிக்கும். அளவுக்குப் பொருந்துகிற சில்வர் ஆக்ஸைடு பொத்தான் பேட்டரி போதும். அடிமூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பாதே, பொருந்துகிற காசை வைத்துத் திருகு. உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடு.

பெயரில் ‘ஸ்பாட்’ இருக்கிறதே என்று ஏமாறாதே. அது அளப்பது படம் முழுவதின் சராசரி. இது ஏன் முக்கியம் என்று கோபுரத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

5. ரோலில் 200 என்று இருக்கும், கேமராவில் அந்த எண்ணே இருக்காது.
ரஷ்யக் கேமராவில் ‘கோஸ்ட்’ கணக்கு, ஜெர்மன் கணக்கு ‘டின்’. குழம்ப வேண்டாம். 100 ரோல் என்றால் 90 கோஸ்ட் அல்லது 21 டின். 200 என்றால் 180 அல்லது 24. 400 என்றால் 350 அல்லது 27. ஒரு துண்டு பேப்பரில் எழுதி கேமரா அடியில் ஒட்டிவிடு.

6. ஃபிலிம் ஓடுகிறதா என்று ஒவ்வொரு படத்துக்கும் பார்.
இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் மன்னிப்பேன். ரோலை மாட்டி, நுனியைச் சுருளில் சொருகி, கதவை மூடுமுன் ஒரு தடவை லீவரை இழு. பல்லும் துளையும் இரண்டு பக்கமும் மாட்டியிருக்க வேண்டும். கதவை மூடியபின் ரீவைண்ட் குமிழில் தொய்வை எடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை லீவர் இழுக்கும்போதும் இடது பக்கக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃபிலிம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. படம் எண்ணுகிற முள் பாட்டுக்கு ஏறிக்கொண்டு போகும், அதை நம்பாதே.

லீவர் பாதியில் இறுகினால் ரோல் முடிந்தது என்று அர்த்தம். ‘இன்னும் ஒண்ணு வரும்’ என்று இழுத்துக் கிழிக்காதே. கிழிந்தே விட்டால் ராத்திரி, விளக்கணைத்து, கம்பளிக்குள் கையை விட்டு எடுத்து, வெளிச்சம் புகாத டப்பாவில் போட்டு லேபுக்குக் கொடு.

7. முதலில் லீவர், பிறகு வேகம்.
ரஷ்யக் கேமராவில் லீவரை இழுத்த பிறகே ஷட்டர் வேகக் குமிழைத் தொடு. எந்த மாடலானாலும் இந்த வரிசையில் போனால் தப்பு வராது. ஃபிளாஷ் போடுகிறவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸெனித்-இயில் 1/30, ஸ்பாட்மேட்டிக்கில் 1/60, பிராக்டிகா எம்டிஎல் வரிசையில் 1/125. அதற்கு மேல் வேகம் வைத்தால் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை இருப்பார், பெண் இருட்டில் இருப்பாள்.

8. நம் ஊர் வெயிலுக்கு மனப்பாடக் கணக்கு.
200 ரோல் போட்டிருக்கிறாய் என்று வைத்துக்கொள்.

• கடற்கரை மணலில் உச்சி வெயில்: எஃப் 16, 1/250.
• திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் வெயில்: எஃப் 11, 1/250.
• திண்ணை நிழல், ஐப்பசி மேகமூட்டம்: எஃப் 5.6, 1/125.
• சாயங்காலம் விளக்கு ஏற்றியபின்: இந்த ரோலை உள்ளே வை. 400 ரோல் வேண்டும்.

சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கூடவே கொடு. கலர் நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும். குறைந்தால்தான் நிழலெல்லாம் சேறாகிவிடும், எந்த லேபும் மீட்டுத் தராது.

9. சிதம்பரத்துக்குப் போகிறவர்களுக்கு.
கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. ‘பழைய கேமராதானே’ என்று கெஞ்சிக்கொண்டு நிற்காதே. வெளியிலேயே வேலை ஏராளம்.

கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் மீட்டர் வெள்ளை வானத்தையும் சேர்த்துச் சராசரி போடும், சுதையெல்லாம் கரிக்கட்டையாக வரும். சொன்னேனே, இதற்குத்தான். கேமராவைத் தரைப்பக்கம் சாய்த்து அளந்துகொள். அல்லது அதே வெயிலில் உன் உள்ளங்கையை அளந்து, ஒரு படி கூடத் திற. பிறகு மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றாதே. கிழக்குக் கோபுரத்துக்குக் காலை வெயில், மேற்குக்கு மாலை வெயில். பத்து மணிக்கு எழுந்து குளித்துப் போய் நின்றுவிட்டு, வெளிச்சம் சரியில்லை என்று என்னிடம் வராதே.

58 மில்லிமீட்டர் லென்ஸில் 40 மீட்டர் பக்கமுள்ள கோபுரம் முழுசாக விழ, கேமராவை நெட்டாகப் பிடித்தாலும் 65 மீட்டராவது பின்னால் போக வேண்டும். கீழ சன்னதித் தெருவில் அதற்கு இடம் இருக்கிறது, பின்னால் வருகிற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு போ. ஸெனித்-இ வைத்திருப்பவர்களுக்கு ஒரு ரகசியம். அதன் ஃபைண்டரில் தெரிவது ஃபிலிமில் விழுவதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். கலசம் விளிம்பில் தெரிந்தாலே போதும், படத்தில் மேலே இடம் விட்டு வரும். மனிதர்களை எடுக்கும்போது இதே காரணத்துக்காக இன்னும் ஓர் அடி முன்னால் போ.

தேர்த் திருவிழாவைத் தவறவிடாதே. ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராஜரே வெளியே வந்து தேரேறி நான்கு வீதியும் சுற்றுகிறார். ஐந்து தேர், நெரிசல், வடம், தூசி. அங்கே போய் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தால் தேர் போய்விடும். முன்கூட்டியே லென்ஸில் 5 மீட்டர், எஃப் 11, 1/250 வைத்துவிடு. சுமார் மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டர் வரை தெளிவாக விழும். பிறகு கேமராவைத் தூக்கு, அழுத்து, இறக்கு. அவ்வளவுதான். நடராஜர் தேர் முழுசும் வேண்டும் என்றால் தெரிந்தவர் வீட்டு மாடியை இன்றைக்கே கேட்டு வை. வடம் இழுக்கிற கைகளும் முகமும் போதுமென்றால் தரைதான் நல்லது. என்னைக் கேட்டால் தரை.

மகா சிவராத்திரியை ஒட்டி 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலிக்கும் இதைக் கொண்டு போகலாம். 400 ரோல், எஃப் 2, 1/60. சுற்றிச் சுழலும்போது எடுக்காதே. ஜதியை முடித்துவைக்கிற தீர்மானம் முடிந்து ஆடுகிறவர் ஒரு நொடி நிற்பார் பார், அப்போது எடு. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஆடுகிறவர் கண் கூசும். ஸெனித்தின் உள்ளே லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அடிக்கிற ‘டமார்’ சத்தம் நாலு வரிசைக்குக் கேட்கும். மிருதங்கம் உச்சத்தில் இருக்கும்போது எடுத்துவிடு.

10. பிச்சாவரம், கடற்கரை: உப்புதான் எதிரி.
• படகில் லென்ஸையும் ரோலையும் மாற்றாதே. கரையிலேயே புது ரோல் போட்டுக்கொண்டு ஏறு.
• ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். போன இடமாயிற்றே என்று நடுக்கால்வாயிலேயே 36-ஐயும் முடித்துவிடாதே. சுரபுன்னை வேர்கள் கவிந்த சிறு கால்வாய்க்குள் நுழைந்ததும்தான் படம். அங்கே வெளிச்சம் சட்டென்று விழும். 200 ரோலுக்கு எஃப் 4, 1/60 வரை இறங்க வேண்டியிருக்கும். படகுக்காரரிடம் ஒரு நிமிஷம் துடுப்பை நிறுத்தச் சொல்.
• லென்ஸுக்கு யூவி ஃபில்டர் போடு. ஹீலியோஸ் 44-2-க்கும் 55 மில்லிமீட்டர் சூப்பர் டக்குமாருக்கும் ஒரே அளவு, 49 மில்லிமீட்டர். ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் ஆகும்.
• வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடம்பைத் துடை, பிறகு உலர்ந்த துணி. நாளைக்கு என்று வைத்தால் நாளைக்கு உப்புப் பூத்திருக்கும்.
• சூரியோதயத்தை ஃபைண்டர் வழியாக உற்றுப் பார்க்காதே. கண் போனால் ஸ்பேர் கிடையாது.

11. வைக்கிற இடம்.
அழகாக இருக்கிறது என்று தோல் உறையிலேயே வைக்காதே. நம் கடலோர ஈரத்தில் தோலில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும், அங்கிருந்து லென்ஸுக்குள் போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம், முடிந்தது வேலை. அரிசி போடுகிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதே, தவிட்டுத் தூசி உள்ளே போகும். அந்துருண்டையும் வேண்டாம். மாதம் ஒரு தடவை எடுத்து எல்லா வேகத்திலும் ‘கிளிக்’ செய்து வை. லீவரை இழுத்த நிலையில் விட்டுவிட்டு மூடாதே, ஷட்டர் ஸ்பிரிங் களைத்துவிடும்.

டக்குமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸ்களில் சில மஞ்சளாகத் தெரியும். அழுக்கு என்று தேய்க்காதே. கண்ணாடியில் தோரியம் கலந்ததால் வருகிற மஞ்சள் அது. லென்ஸைத் தனியாகக் கழற்றி, சில நாள் காலை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் குறையும்.

ஃபிலிமை அக்னி நட்சத்திரத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் வைக்கிறவர்களை என்ன சொல்ல? ஃபிரிட்ஜில், மூடிய டப்பாவில் வை. வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் திற, அவசரப்பட்டால் வேர்த்துவிடும்.

12. தொடக் கூடாதவை.
லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி: மேல்பூச்சு வெறும் துணி பட்டாலே கீறும். ஊதும் ரப்பர் பல்போடு நிறுத்திக்கொள். ஷட்டர் திரை: ஸெனித்திலும் ஸ்பாட்மேட்டிக்கிலும் அது துணி, விரல் வைக்காதே. எண்ணெய்: இறுகியிருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விட்டவர்களும் உண்டு, ஸ்பிரே அடித்தவர்களும் உண்டு. இரண்டு கேமராவும் இப்போது ஷோகேஸில் பொம்மை. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைப் பொட்டு விழுந்தால் திரையில் ஊசித்துளை இருக்கிறது, மெக்கானிக்கிடம் கொடு. கதவோரத்துக் கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று உருகியிருந்தால் மட்டும் நீயே செய்யலாம். சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூலைப் பதித்துவிடு.

13. உடம்பு செத்தாலும் லென்ஸை விற்காதே.
உள்ளே கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) டிஜிட்டல் கேமரா எதுவானாலும் ஓர் அடாப்டர் வளையத்தோடு ஹீலியோஸ் ஏறிவிடும். டிஎஸ்எல்ஆர் என்றால் பார்த்து வாங்கு. மரை கேமராவில் லென்ஸ் அடியிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மில்லிமீட்டர். கேனான் இஎஃப் 44, அதில் சரியாக வரும். பென்டாக்ஸ் கே அதே 45.46, அதிலும் வரும். நிக்கான் எஃப் 46.5. அதில் வெறும் வளையம் போட்டால் தூரத்துக் கோபுரம் ஃபோகஸ் ஆகவே ஆகாது. ‘ஏ-எம்’ விசை இல்லாத லென்ஸ் என்றால், ஊசியை அழுத்திப் பிடிக்கிற உதடு வைத்த அடாப்டர் கேட்டு வாங்கு.

14. கழுவக் கொடுக்கும்போது.
‘கலர் லேப்’ என்று போர்டு தொங்குகிறது என்பதற்காகப் போய் நிற்காதே. ஃபிலிம் இன்னும் கழுவுகிறார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போ, இல்லையென்றால் சென்னைக்குக் கூரியர்தான். இரண்டு மூன்று ரோல் சேர்த்து அனுப்பினால் ஒரே கூரியர் செலவு. டப்பா மேலே ரோலின் எண்ணை எழுது. கறுப்பு வெள்ளை என்றால் அதைப் பெரிதாக எழுது, கலர் மருந்தில் போட்டால் பெரும்பாலான கறுப்பு வெள்ளை ரோலில் ஒன்றும் மிஞ்சாது. ஸ்கேன் மெயிலில் வந்துவிட்டது என்று சும்மா இருக்காதே. நெகட்டிவைத் திருப்பி அனுப்பச் சொல்லி, ஆறு ஆறாக வெட்டிக் கவரில் போட்டு, ஊரும் தேதியும் எழுதி வை.